ஒரு பக்கத்துக்கு ஒரு சாவு

எங்கள் வீட்டு டெலிபோன் குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை ஹோலுக்கு மாற்றச் சொல்லி என் கணவர் கதிர்காமநாதன் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் விடவில்லை. ஹோலில் இருந்தால் கதைக்கிறவர் கதிரையில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை முழுவதும் கதைப்பார். குசினியில் என்றால், எண்ணெய் காய்கிறது என்று சொல்லி எந்தக் கதையையும் வேண்டிய இடத்தில் வெட்டிவிடலாம். இந்த வசதியை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு நடந்ததெல்லாம் அந்த இடத்தில் நின்றபடிதான் நடந்தது.

விநாயகமூர்த்தி அண்ணர் நேற்று வந்து, சங்கத்தின் சார்பில் கேட்பதாகச் சொல்லி, நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி கேட்டார். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓக்லண்டில் இருக்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாதி நிரம்பாது. அதற்குள் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று பதவியில்லாத ஆம்பிளையே கிடையாது. அண்ணர் தலைவர். பக்குரங்காவில் புது வீடு வாங்கி, கம்பளம் அழுக்காகாமல் அதன்மேல் பிளாஸ்டிக் விரித்து, பிளாஸ்டிக்கில் ஆட்களை நடக்கவிடுகிறவர். நேற்று என் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நின்றபடியே கதைத்தார்.

"சரோஜாதேவி, நீர் இதுக்கு ஒரு விளக்கம் தரவேணும்."

முழுப்பெயரைச் சொன்னார். வழக்கமாக 'சரோ' என்பார். தருகிறேன். இந்த ஊரில் மற்றவர்களுடைய விளக்கங்களையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். என்னுடையதை எழுத மட்டும் மறுக்க நியாயமில்லை.

இங்கே மருத்துவம் படிக்க விரும்புகிற பிள்ளை பரீட்சைப் புள்ளிகளை மட்டும் காட்டினால் போதாது. நீ ஏன் டொக்டராக வர ஆசைப்படுகிறாய் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெர்சனல் ஸ்டேட்மென்ட் என்று அதற்குப் பெயர். எங்கள் பிள்ளைகளிடம் இதற்கு உண்மையான பதில் ஒன்றுதான் உண்டு: அம்மாவும் அப்பாவும் சொன்னார்கள். என் மகன் ஆனந்தராசா அதைத்தான் எழுதினான். எனக்கு இரசாயனம் நன்றாக வரும், என் பெற்றோருக்கும் இதில் விருப்பம் என்று. இடம் கிடைக்கவில்லை. இப்போது எப்சமில் மூக்குக்கண்ணாடி விற்கிறான். நல்ல பிள்ளை. எனக்கு ஒரு கண்ணாடி சும்மா தந்தான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் மற்ற வீட்டுப் பிள்ளைகளுடைய பக்கங்களை எழுதினேன்.

அவனுடைய பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான். அதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை. குறை ஒன்று இருந்தது. அதில் ஒருவரும் சாகவில்லை.

அடுத்த வருடம் குணரத்தினத்தின் மகன் வந்தான். அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கையில் தொண்டையில் சதை வெட்டியதைத் தவிர ஒரு துன்பமும் நேர்ந்ததில்லை. அவனுக்கு நான் ஒரு தாத்தாவைக் கொடுத்தேன். பாக்குநீரிணையில், படகில், இழுப்பு வந்து, பேரனின் மடியில் கண்ணை மூடுகிற தாத்தா. உண்மையில் அந்த மனிதர், குணரத்தினத்தின் மாமனார், கொழும்பில் சொந்தக் கட்டிலில், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை. பையனுக்கு இடம் கிடைத்தது. குணரத்தினம் பழக்கூடை கொண்டுவந்தார். பிறகு செல்வரத்தினத்தின் மகளுக்கு ஒரு சின்னம்மாவைப் பாம்பு கடிக்க வைத்தேன். அந்தச் சின்னம்மா டொரொண்டோவில் இருந்து இன்றைக்கும் டிசம்பரில் நத்தார் வாழ்த்து அட்டை அனுப்புகிறா. அந்தப் பிள்ளைக்கும் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு சாவு. இரண்டு வைத்தால் நம்பமாட்டார்கள்.

இதையெல்லாம் சங்கத்தில் எல்லோரும் அறிவார்கள். அப்போது ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

இனி யோகராணியின் கதை. பிளாக்ஹவுஸ் பேயில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில், நடுவில் ஒரு செடிவேலி மட்டும் இருக்க, போன வருடத்துக்கு முதல் வருடம் வாடகைக்கு வந்தாள். கூட ஒரே மகள் வதனி. புருஷன் இரத்தினசிங்கம் தபால் கந்தோரில் கிளாக்கர். எண்பத்தைந்தில் கொழும்பு ரயிலில் போன மனிதரை வவுனியாவில் ஆமிக்காரர் இறக்கிக் கொண்டுபோனார்கள். எந்த முகாம், என்ன குற்றம், ஒன்றும் தெரியாது. யோகராணி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். பகலில் வீட்டில் ஆளில்லாதபடியால் ஊரில் எல்லோருக்கும் எங்கள் டெலிபோன் இலக்கத்தையே கொடுத்திருந்தாள். அது எங்களிடையே வழக்கம்தான். ஒரு வீட்டில் டெலிபோன் இருந்தால் அது நாலு வீட்டுக்குச் சொந்தம். யாருக்கு யார் எடுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததும் அந்த வழக்கத்தால்தான். ஒட்டுக்கேட்கிறேன் என்று சிலர் சொன்னார்களாம். என் குசினியில் நான் காதைப் பொத்திக்கொண்டா சமைக்க முடியும்?

யோகராணி காலையில் பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். கழுத்தில் தாலி. கதவுக்குப் பின்னால், கொளுவியில், ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை தொங்கியது. பழைய உடுப்பு விற்கும் ஓப் ஷொப்பில் வாங்கினது. "அவர் வந்திறங்கேக்க குளிரா இருந்தா, அக்கா" என்றாள் என்னிடம். இந்த ஊர்க் குளிரைப் பற்றி அவள் சொன்னது சரி. மற்றது எனக்குச் சரியாகப் படவில்லை.

போன வருடம் வதனி பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஏழாம் ஃபோர்மில் இருந்தாள். செப்டம்பர் மாதம், விண்ணப்பத்தோடு என் குசினி மேசையில் வந்து உட்கார்ந்தாள். தானே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். சனிக்கிழமைகளில் தாயோடு முதியோர் இல்லத்துக்குப் போகிறாளாம். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கால் நகத்தை வெட்டிவிடுகிறாளாம். அந்த மனுசி ஒவ்வொரு முறையும் இவளுடைய பெயரைக் கேட்குமாம். ஒவ்வொரு முறையும் இவள் சொல்லுவாளாம். இவ்வளவுதான் கட்டுரை.

"நகம் வெட்டுறதுக்கு ஏன் பிள்ளை டொக்டர்?" என்று கேட்டேன்.

"அதுதான் அன்ரி எனக்கு நடந்தது."

"உனக்கு நடந்தது இதைவிடப் பெரிசு. அப்பாவை எழுது."

"அப்பா காணாமற் போனவர். செத்தவர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"காணாமற் போனவர் எண்டு எழுதினா அவைக்கு விளங்காது. பொலிசில சொல்லுங்கோ எண்டுவினம்."

சிரிக்கவில்லை அந்தப் பிள்ளை. தகப்பனைப் போல அழுத்தம் என்று யோகராணி சொல்வாள். நான் அவளுடைய பக்கத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு என் பக்கத்தை எழுதினேன். ஊரடங்கு நேரம். ஒழுங்கை முனையில் சூடுபட்டுக் கிடக்கும் தகப்பன். வீதி மூடியிருப்பதால் வரமுடியாத டொக்டர். மகளின் விரலுக்குக் கீழே மெல்ல மெல்ல நின்றுபோகிற நாடி. எழுதி முடிக்கும்வரை அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாலைப் பொங்கவிட்டேன். என் வாழ்க்கையில் அதைப்போல நான் ஒன்றும் எழுதியதில்லை. ஆனந்தராசாவுக்கு இப்படி எழுதிக் கொடுக்காமல் போனேனே என்று கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். வதனி கையெழுத்துப் போட யோசித்தாள். உன் அம்மா எத்தனை கிழவிகளின் படுக்கை விரிப்பை மாற்றி உன்னைப் படிப்பிக்கிறாள் என்று கேட்டேன். போட்டாள்.

அனுப்பின பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி வதனியைப் பற்றி நற்சாட்சி எழுத வேண்டும், அதற்கு முதல் வீட்டுக்கு வந்து தாயைச் சந்திக்க விரும்புகிறாள் என்று செய்தி வந்தது. வந்தால் என்ன பார்ப்பாள்? நெற்றி நிறையப் பொட்டு, கழுத்தில் தாலி, கொளுவியில் புருஷனுக்குச் சட்டை. வெள்ளைக்காரிக்குப் பொட்டும் தாலியும் தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் நூலகத்துக்குப் போகிறவர்கள். நாங்கள்தான் போவதில்லை. அதோடு யோகராணிக்கு வாய் சும்மா கிடக்காது. 'வென் மை ஹஸ்பண்ட் கம்' என்று அந்த மனுசியிடமும் சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்னால் பொய்காரியாகப் போவது வதனி.

எனவே யோகராணியை விதவையாக்க வேண்டியிருந்தது. வேறு வழி இருந்தால் நான் அதைச் செய்திருப்பேன்.

செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்வதற்கு இங்கே எங்கள் ஐயர் இல்லை. பிஜியில் அந்த வருடம் ஆட்சி கவிழ்ந்தபின் வந்த நரேந்திரா என்ற மனிதர் இருந்தார். தமிழ் வம்சம். கிழமை நாட்களில் கார் பட்டறையில் வேலை, சனி ஞாயிறில் பூசை. நகத்துக்குள் கறுப்பு எண்ணெய் இருக்கும், மந்திரம் சுத்தமாக இருக்கும். பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் செய்வதாக ஏற்பாடு. உடல் இல்லாதபடியால் புல்லால் ஆள்வடிவம் கட்டி எரிக்கவேண்டும். தர்ப்பைக்கு எங்கே போவது? கரையோரம் வளர்ந்த நீளப் புல்லைப் பிடுங்கிக் கட்டினார். கடற்கரையில் கண்டபடி நெருப்பு மூட்ட இந்த ஊரில் விடமாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டு பாபிகியூ அடுப்பைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். கதிர்காமநாதன் வாங்கி வைத்த நாளில் இருந்து அதில் ஒன்றும் சுட்டதில்லை. அவர் சைவம்.

நரேந்திரா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, ஆளு செத்தத யாரு கண்ணால பாத்தா?"

யோகராணி என்னைப் பார்த்தாள்.

"நம்மள்ல காணாமப் போனவருக்குப் பன்னெண்டு வருஷம் பாப்பாங்க" என்றார் அவர். "அப்புறந்தான் இந்தப் புல்லு வேலையெல்லாம். பாத்தவங்க இருந்தா வேற."

"என்ர தம்பி பாத்தவன்" என்றேன்.

எனக்குத் தம்பி இல்லை. இருந்திருந்தால் அப்போது வவுனியாவில்தான் வேலை பார்த்திருப்பான். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வடக்கே அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள்.

"உங்கட தம்பி பாத்தவரோ?" என்றாள் யோகராணி. குரல் காற்றில் பாதி போனது. "நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே, அக்கா."

"உனக்கு எப்பிடியம்மா நான் அதைச் சொல்லுறது?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். குனிந்து கடல் தண்ணீரைத் தொட்டு, தானே நெற்றியைத் துடைத்தாள். வதனி புல்லை எரிக்கிற பக்கம் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நாயோடு வந்தது. எங்களைப் பார்த்துவிட்டுக் கையசைத்தது, நாங்கள் சொசேஜ் சுடுகிறோம் என்று நினைத்திருக்கும். நானும் கையசைத்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

பச்சைக் கம்பளிச் சட்டையை அடுத்த நாள் நானே எடுத்துக்கொண்டுபோய் அந்த ஓப் ஷொப்பில் திருப்பிக் கொடுத்தேன். ஆசிரியை வந்தாள், வெறும் நெற்றியைப் பார்த்தாள், தாலியில்லாத கழுத்தைப் பார்த்தாள், மாலை போட்ட படத்தைப் பார்த்தாள், யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். நான் சுட்ட வடையில் மூன்றாவதை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எடுத்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

நவம்பரில், மருத்துவக் கல்லூரியில் வதனியின் நேர்முகத்துக்கு முதல் கிழமை, டெலிபோன் அடித்தது. மத்தியானம். கடல் கடந்து வரும் அழைப்பில் ஒரு இரைச்சல் இருக்கும், எனக்குப் பழக்கம்.

"யோகராணி எண்டு ஒரு ஆள்... உங்கட பக்கத்து வீடு எண்டு சொன்னவை."

"ஆர் கதைக்கிறது?"

"இரத்தினசிங்கம். அவவின்ர அவர்."

நான் அடுப்பைத் தணித்தேன். இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு முகாமில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை விடுகிறார்கள், என்னையும் விட்டுவிட்டார்கள் என்றார். கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நிற்பதாகச் சொன்னார். ஊரில் சண்டை, வடக்கே போக வழியில்லை. கால் ஒன்று கொஞ்சம் ஏலாது, மற்றும்படி சுகம். இவ்வளவையும் ஏதோ தந்தி அடிக்கிற மாதிரி, சொல்லைச் சிக்கனம் பண்ணிச் சொன்னார். தபால் கந்தோர் ஆள்தானே.

குசினி ஜன்னலால் பார்த்தால் பக்கத்து வளவு தெரியும். அன்றைக்கு யோகராணிக்கு லீவு. கொடியில் படுக்கை விரிப்பு காயப்போட்டுக்கொண்டு நின்றாள். நான் சாதாரணமாகக் கூப்பிட்டாலே திரும்பிப் பார்த்திருப்பாள்.

"அவை இங்க இல்லை, தம்பி. வேலை விஷயமா தெற்குத் தீவுக்குப் போட்டினம். தை பிறந்து எடுங்கோ."

"விலாசம் ஏதும்..."

"நிலையா ஒரு இடமும் இல்லை. வீடு பாக்கினம்."

"சுகமா இருக்கினமோ?"

"நல்ல சுகம்."

"பிள்ளை படிக்கிறாளோ?"

"டொக்டருக்குப் போறாள்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் அந்த மனிதர் அழுகிறார் என்று விளங்கியது. எண்ணெய் காய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் இல்லை. காய்ந்துகொண்டுதான் இருந்தது.

இதில் குற்றம் காண ஒன்றுமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். நாலு பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து தகப்பனைப் பற்றிக் கேட்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் தகப்பன் வெள்ளவத்தையில் புட்டுச் சாப்பிடுகிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அவளுடைய முகம் எப்படி இருக்கும்? ஒரு மனிதர் இரண்டு வருடத்துக்குமேல் பொறுத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுக்கிறதில் என்ன?

நேர்முகம் முடிந்து வந்த பின்னேரம் வதனி செடிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அன்ரி, நான் அங்க சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"அப்பா செத்தது எனக்கு நிச்சயமாத் தெரியாது எண்டு. அந்தப் பக்கம் நீங்கள் எழுதினது எண்டும். பிறகு அந்த நகம் வெட்டுற கதையைச் சொன்னன்."

"அவை என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஒரு அம்மா அந்தக் கிழவியின்ர பேர் என்ன எண்டு கேட்டவ."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி என்று ஒன்று இல்லை. நான் அவளோடு பல நாட்கள் கதைக்கவில்லை. இடம் கிடைக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கிடைக்காமல் போனால் சொல்ல வேண்டிய ஆறுதலைக்கூட மனதில் எழுதி வைத்திருந்தேன், நன்றாக வந்திருந்தது.

தை மாதம் இடம் கிடைத்தது.

பொஹுட்டுக்கவாப் பூ கொட்டி நடைபாதை எல்லாம் சிவப்பாய்க் கிடந்த நேரம். யோகராணி கேசரி கிண்டிச் சங்கத்தாரை எல்லாம் கூப்பிட்டாள். விநாயகமூர்த்தி அண்ணர் எழும்பி நின்று, சரோ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அப்போதும் நீங்கள் விளக்கம் கேட்கவில்லை, அண்ணர். கை தட்டினீர்கள். பிள்ளைக்குத் திருநீறு பூசி வாழ்த்த யோகராணி முன்னுக்கு வரவில்லை. வெறும் நெற்றியோடு நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று குசினி வாசலில் நின்றுகொண்டாள். எங்கள் சனம் அதைச் சரி என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைத்தான் பிள்ளைக்குப் பூசச் சொன்னார்கள். பூசினேன்.

வந்தவர்களில் சிலர் என்னைச் சுற்றி நின்று, தங்கள் பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதித்தரக் கேட்டார்கள். வதனி நேர்முகத்தில் சொன்னது ஒருவருக்கும் தெரியாது. அவளும் சபையில் அதைச் சொல்லி என்னை அவமானப்படுத்தவில்லை. அந்த அளவுக்கு நல்ல பிள்ளை.

அந்தக் கிழமையே டெலிபோன் அடித்தது. தை பிறந்து எடுங்கோ என்று சொன்னேன், சொன்னபடியே எடுத்தார். அவ்வளவு ஒழுங்கான மனிதர்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். இடம் கிடைத்துவிட்டது. பிள்ளை உண்மையைச் சொல்லியும் கிடைத்துவிட்டது. இனி அந்த மனிதர் உயிரோடு இருப்பதால் யாருக்கு என்ன நட்டம்? நேற்று அண்ணர் இதைத்தான் இரண்டுமுறை கேட்டார். யோசித்து எழுதலாம் என்று விட்டேன்.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் விசா எடுத்து, நொண்டிக்கொண்டு வந்து ஓக்லண்டில் இறங்குகிறார். சங்கம் மாலையோடு போகிறது. அப்போது எல்லோரும் என்னைப் பார்த்து என்ன கேட்பார்கள்? சாவைப் பார்த்ததாக நான் சொன்ன தம்பி எங்கே என்று கேட்பார்கள். கடற்கரையில் எரித்தது யாரை என்று கேட்பார்கள். குணரத்தினத்தின் மாமனார் படகிலா செத்தார் என்று மெல்ல ஒருவர் தொடங்குவார். ஒரு பிள்ளையோடு நிற்கிற விஷயமா இது? இந்த ஊரில் எத்தனை பிள்ளைகளின் எதிர்காலம் என் பேனாவில் தங்கியிருக்கிறது. அதை ஒரு ஆளுக்காக உடைக்கலாமா?

"தம்பி," என்றேன், "நான் ஒண்டு சொன்னா மனம் நோகக்கூடாது. இனி எடுக்காதேங்கோ. அவ கலியாணம் கட்டிட்டா."

நான் கறியைக் கிளறினேன்.

"ஆரை?"

"ஒரு வெள்ளைக்காரனை. கூரை வேலை செய்யிறவர்."

வெள்ளைக்காரன் என்று சொன்னால் யாழ்ப்பாணத்து ஆம்பிளை அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கமாட்டான். எங்கள் ஆள் ஒருவரைச் சொல்லியிருந்தால் எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரித்துப் பிடித்துவிடுவார். கூரைக்காரரும் நான் காற்றில் பிடித்த ஆள் இல்லை. மாரியில் யோகராணியின் கூரை ஒழுகியபோது ஒருவர் வந்து திருத்தினார். அவள் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் படியில் உட்கார்ந்து குடித்தார். நான் ஜன்னலால் பார்த்தேன். இல்லாததை நான் ஒருபோதும் எழுதுவதில்லை. இருப்பதைக் கொஞ்சம் நீட்டுவேன்.

"பிள்ளை?" என்றார்.

"பிள்ளையும் அவரைத்தான் அப்பா எண்டு கூப்பிடுறாள்."

இதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிக்கிற வரி அழுத்தமாக இல்லாவிட்டால் முழுப்பக்கமும் வீண் என்று பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லிக் கொடுத்தவள் நான். கை பழகிவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை.

"சரி அக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும். நான் எடுத்தனான் எண்டு அவவுக்குச் சொல்லாதேங்கோ."

நான் சொல்லவில்லை. யோகராணி நாளாந்தம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, பால் போத்தல் எடுக்கும்போதும், உடுப்புக் காயப்போடும்போதும் என்னோடு கதைத்தாள். ஒருமுறைகூட வாய் தவறவில்லை. வம்பளக்கிறவள் என்று என்னைச் சொல்கிற சனம் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொடுத்த வாக்கை இவ்வளவு பத்திரமாகக் காத்தவர் யாரையாவது காட்டட்டும்.

விஷயம் வெளியே வந்தது என்னால் அல்ல. அந்த லொட்ஜை நடத்துகிற தவராசா, அண்ணருடைய மனைவிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அவன் வேறு ஏதோ காரியமாக இந்தக் கிழமை டெலிபோன் எடுத்தபோது, கதையோடு கதையாகச் சொல்லியிருக்கிறான். முகாமில் இருந்து வந்த இரத்தினசிங்கம் என்ற ஒரு மனிதர் இங்கே தங்கியிருந்தார், தை எப்போது பிறக்கும் என்று கலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நியூசிலாந்துக்கு, எங்கள் இலக்கத்துக்கு, ஒரு கோல் எடுத்தார், வைத்தார், சாறத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்குப் படகு எடுக்கப்போவதாகச் சொன்னாராம். அந்தப் பாதையால் போனவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க இப்போது அங்கே ஆளில்லை. அண்ணர் இந்தியாவுக்கும் எடுத்து விசாரித்தார். அப்படி ஒருவர் வந்து இறங்கவில்லை.

நேற்று அண்ணர் போன பிறகு யோகராணி வேலிக்கு வந்தாள். அண்ணர் முதலில் அவளிடம்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். நெற்றியில் பொட்டு இருந்தது. பெரிய பொட்டு, கொஞ்சம் கோணல். தோளில் ஒரு பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். அதே சட்டையாக இருக்காது. இந்த ஊரில் எல்லாக் கம்பளிச் சட்டையும் ஒரே பச்சை. என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்து, கதவைச் சாத்தாமல் நின்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவர்ர குரல் எப்பிடி இருந்தது, அக்கா?"

"களைச்ச குரல்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு வதனி வந்து, அவள் முதலில் எழுதிய பக்கத்தைத் திருப்பித் தரும்படி கேட்டாள். லாச்சியில் இருந்தது, கொடுத்தேன். அந்தக் கிழவியும் போன மாதம் செத்துப்போனதாம். நல்ல நேரத்தில் செத்திருந்தால் அதையும் உபயோகித்திருக்கலாம்.

அண்ணர், நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். இரத்தினசிங்கம் உயிரோடு இருந்தது நவம்பரில் இருந்தே எனக்குத் தெரியும். அவரை வராமல் செய்தது நான்தான். பெண்சாதி வெளியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்க, தெரிந்துகொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டுச் செய்தேன். சங்கம் என்னைத் தள்ளி வைத்தால் வைக்கட்டும். ஆனால் முடிவெடுக்க முதல் ஒரு நியாயம் செய்யுங்கள். வதனிக்கு நான் எழுதிய பக்கத்தின் பிரதி ஒன்றை இதோடு இணைத்திருக்கிறேன். கூட்டத்தில் யாராவது ஒருவர் எழும்பி, அவசரப்படாமல், உரத்து வாசிக்கட்டும். வாசித்து முடிந்ததும் பாருங்கள், அந்த மனிதர் செத்துத்தான் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுவீர்கள்.